அக்கா சொன்ன ‘எனக்கு’

எட்டு வயதில் முனிசிபல் ஆஸ்பத்திரி நர்ஸிடம், “எனக்கு ஏழாவது மாசம்” என்று இந்தியில் சொன்னவள் நான். பக்கத்தில் நின்ற அம்மாதான் ஏழு மாதக் கர்ப்பிணி. அம்மாவுக்கு இந்தி வராது. அவள் ‘எனக்கு’ என்றால் நானும் ‘முஜே’ என்பேன். அதை ‘இவங்களுக்கு’ என்று மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நர்ஸ் சிரித்தாள். தாராவியில் எங்கள் சந்துப் பெண்களும் ரேஷன் கடைக்கும் தபாலாபீஸுக்கும் என்னைக் கூட்டிப் போவார்கள். அவர்களுக்காகவும் அப்படியேதான் பேசினேன். சின்னப் பிள்ளை என்பதால் யாரும் குழம்பவில்லை.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி, அதே தாராவியில் வேறு சந்துக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்குத் தோல் பட்டறையில் வேலை. எதிர்வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை, மணிக்கட்டு வீங்கிப்போய் வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஆஸ்பத்திரிக்கு கூட வாரியா? அவுங்க பேசுறது எனக்கு ஒண்ணும் வெளங்காது.”

போனோம். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். அக்கா என் காதோரம் வந்து, “எங்க வீட்டுக்காரரு கட்டையால அடிச்சிட்டாரு” என்றார். நான் பழைய பழக்கத்திலேயே டாக்டருக்குக் கேட்கும்படி இந்தியில் சொன்னேன்: “என் வீட்டுக்காரர் என்னைக் கட்டையால் அடித்துவிட்டார்.”

டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். நான் இழுத்துக்கொண்டு அக்காவின் கையைக் காட்டினேன். அவர் தட்டைப் பலகை வைத்துத் துணியால் கட்டி, நாலாம் நாள் கட்டாயம் வரவேண்டும், எலும்பு விலகியிருந்தால் மறுபடி சேர்த்து மாவுக்கட்டு போடவேண்டும் என்றார்.

வரிசையில் பின்னால், பெருவிரலில் துணி சுற்றியபடி என் வீட்டுக்காரரின் பட்டறை ஆள் ஒருவர் நின்றிருந்தார். அக்கா முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்காது, கூட்டத்தில் அக்காவின் கையும் தெரிந்திருக்காது; நான் உரக்கச் சொன்னது மட்டும் கேட்டிருக்கிறது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“ஏட்டி, நான் ஒன்ன எப்பம் அடிச்சேன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் மேல் கை ஓங்கியதே இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

“நீ சொல்லுதது எனக்கு வெளங்குது. பட்டறையில உள்ளவனுக்கெல்லாம் எப்படி வெளங்க வைக்க? அடிபட்டது எதிர்வீட்டுப் பிள்ளைதான்னு சொன்னா, அவ புருசன் காதுக்குப் போயிரும். மத்தக் கையையும் ஒடிச்சிருவான்.”

அதனால் அவர் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. பெண்டாட்டியை அடிக்கிறவன் என்ற பேச்சைத் தானே சுமந்தார். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “இனி அவகூட ஆஸ்பத்திரிக்குப் போகாத.”

நாலாம் நாள் அக்கா வந்தார். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவர் தனியாகப் போனார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் “அச்சா, அச்சா” என்று தலையாட்டினாராம். துணிக்கட்டை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது.

அதன்பிறகு அவரால் ஈரச் சேலையை முறுக்கிப் பிழிய முடியவில்லை. நான் போய்ப் பிழிந்து கொடுப்பேன். சில மாதம் கழித்து ஒருநாள், பிழிந்துகொண்டிருக்கும்போதே, தலைவலி பொய் என்று சொன்னேன். அது ஏன் என்றும் சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. “அன்னைக்கே சொல்லிருந்தா வேற யாரையாவது கூட்டிட்டுப் போயிருப்பம்லா, தங்கச்சி” என்றார்.

நான் சேலையைக் கொடியில் விரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.