மணப்பாட்டில் காணாமல் போன கேன்

என் கணவர் தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதற்கு, பெங்களூரிலிருக்கும் மகள் ஒரு கேரவன் வண்டியை ஐந்து நாளைக்கு அமர்த்தித் தந்தாள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, மணப்பாட்டில் கடல்நீர் உள்ளே வந்து தேங்கிக் கிடக்கும் கழியோரமாக, ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தினோம். எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, எங்களைக் கண்டதும் ஏமாந்து போனார்கள்.

இரண்டாம் நாள் விடியலில் கண்விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. செல்போன் தலையணையில் கிடந்தது. கக்கூசுக்குக்கூட அதை எடுத்துக்கொண்டு போகிற மனிதர். ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. வாயில் ஏலக்காய்.

“எங்க போயிட்டு வாரிய?”

“சும்மா காலாற நடந்தேன்.”

மூன்றாம் நாளும் அப்படியே. அன்று வண்டியோடு வந்திருந்த டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அவர் மதுரைக்காரர். “அம்மா, காலித் தண்ணி கேன் ஒண்ணக் காணோம். துணி காயப்போட்ட நைலான் கயிறையும் காணோம்மா.”

சுற்றிலும் பனங்காடு. விடியலில் இறக்குகிற கள்ளுக்குக் கேன் வேண்டும், தூக்கி வரக் கயிறு வேண்டும். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் சட்டைப்பையில் ஏலக்காய் எப்போதும் இருக்கும். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த வருஷம் நிறுத்தியவர், அதற்குப்பிறகு தொட்டதில்லை. தொட்டதில்லை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று திருச்செந்தூர்ப் பக்கம் சுற்றிவிட்டு வந்து, மத்தியானம் அவர் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். உப்பு வாடைதான். கடலோரத்தில் எந்தச் சட்டையில்தான் அது அடிக்காது என்று ஒதுக்கிவிட்டேன். குனிந்து அவர் மூச்சையும் மோந்தேன், ஏலக்காய்தான் மணத்தது. இத்தனை வயதில் இது என்ன பிழைப்பு என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

நாலாம் நாள் தூங்குவதுபோல் கிடந்து, அவர் இறங்கியதும் பின்னாலேயே போனேன். தோப்பைத் தாண்டி, மணல்மேட்டின் மறுபக்கம் இறங்கினார். மேட்டின் மேலிருந்து பார்த்தேன். கழியில் இடுப்பளவுத் தண்ணீரில், லுங்கிச் சாரத்தைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய ஒரு மீன்காரர் நின்றார். என் கணவர் வயதுதான் இருக்கும். அவருக்கு முன்னால் என் கணவர் குப்புறக் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தார். முதுகில் காணாமல் போன கேன், நைலான் கயிற்றால் கட்டியிருந்தது.

“முட்டிய மடக்காதிய அண்ணாச்சி. பைய அடிங்க, பைய!”

உப்புத் தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டே எழுந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். கண் சிவந்திருந்தது. கரையேறி வந்து, தலையைத் துவட்டி, வாய்க் கரிப்புக்குச் சட்டைப்பையிலிருந்த ஏலக்காய் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

“நீச்சலா படிக்கிய? இத என்கிட்ட சொன்னா என்ன?”

“ஆத்தங்கரையிலேயே பொறந்து வளந்தவன் நீந்தத் தெரியாதுன்னு ஒன்கிட்ட எப்படிளா சொல்ல?”

எங்கள் ஊர் ஆற்றில், குறுக்குத்துறையில் குளிக்கப் போகும்போதெல்லாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் படியை விட்டு இறங்காமலே நின்றது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிரித்துவிட்டேன். சிரிப்போடு சிரிப்பாக, “நீங்க கள்ளு வாங்கப் போறியன்னு நான் பயந்தே போனேன்” என்று வாயை விட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறிப்போயிற்று. “இன்னுமா என்னய அப்படி நெனைக்க?” என்றார். கயிற்றை அவிழ்த்து, கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மத்தியானம் நான் பொரித்து வைத்த சீலா மீனையும் ஒதுக்கினார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் குடித்த வருஷங்களில் நான் பட்டபாடு பொய்யில்லை. அதற்குப் பிறகு அவர் சுத்தமாக இருந்ததும் பொய்யில்லை.

ஐந்தாம் நாள் விடியலில் அவர் எழுந்து, என்னைக் கூப்பிடாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். நான் துண்டை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினேன். கரையில் உட்கார்ந்து பார்த்தேன். கேன் இல்லாமலே நான்கு வீச்சு நீந்தினார், ஐந்தாவதில் முங்கினார். எழுந்து, தண்ணீர் வழிய என் பக்கம் திரும்பி, “எண்ணுனியா?” என்று கேட்டார்.

“நாலு” என்றேன்.

“அஞ்சு” என்றார். அவர் சொன்னதையே ஒத்துக்கொண்டேன்.