இறங்காத ஊசி

பட்டாளத்தில் டார்லா பிக்கெட்டை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போர்முனையில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றும் வீரர் எவரானாலும் அவர்களுக்கு "டாக்"தான், டாக்டர் என்பதன் செல்லச் சுருக்கம். நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்து மூச்சுத் திணறுகிறவனுக்கு விலா இடுக்கில் ஊசி இறக்கிக் காற்றை வெளியேற்றுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சீருடையைக் கழற்றிவிட்டு டெக்சஸுக்குத் திரும்பினாள். மருத்துவ உதவியாளர் உரிமம் தரும் அலுவலகத்துப் பெண் கையை விரித்தாள்.

"அது பட்டாளத்துச் சான்றிதழ் கண்ணு. இங்க செல்லாது. மொதல்லேர்ந்து படிச்சிட்டு வா."

"சண்டையில விழுந்தவனுக்குச் செல்லும், ரோட்டுல விழுந்தவனுக்குச் செல்லாதா?"

"சட்டத்தை நானா போட்டேன்?"

திரும்பப் படிக்க வசதி ஏது? இரண்டு பெண் குழந்தைகள், புருஷனும் போய்விட்டான். கடைநிலை உரிமத்தோடு ஆம்புலன்ஸில் சேர்ந்தாள். கட்டுப் போடலாம், ஆக்சிஜன் வைக்கலாம். அந்த ஊசி வண்டியிலேயே இருக்கும். பெரிய உரிமக்காரர்கள் மட்டும் தொடலாம். ஒருமுறை பழக்கதோஷத்தில் அதை எடுத்துவிட்டாள். இன்னொரு தடவை எடுத்தால் வேலையும் உரிமமும் போகும் என்று அதிகாரி எச்சரித்தார்.

ஆகஸ்டில் நெடுஞ்சாலை விபத்து ஒன்றுக்குப் போனாள். நசுங்கிய காருக்குள் வெண்டல் ஸ்டாக்ஸ் கிடந்தான், அவளோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். அவளைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"அட... டாக்! அப்ப நான் பொழச்சேன்."

கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெஞ்சின் ஒரு பக்கம் அசையவில்லை. நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் அனுமதி கேட்டாள்.

"உன் உரிமத்துல அது இல்ல. தொடாத. ஆள் வந்துக்கிட்டிருக்கார்."

மேலிடம் சொன்னால் கேட்பது பட்டாளம் அவளுக்கு ஊட்டிய பாலபாடம். பாழாய்ப்போன பாடம்! பிள்ளைகளின் முகமும் கண்முன் வந்து நின்றது.

"ஊசி போடு டாக்... சண்டையில மொரேனோவுக்குப் போட்டுப் பொழைக்க வச்சியே..."

"கொஞ்சம் பொறுடா. வந்துருவாங்க."

"நீதான் இருக்கியே," என்றான் வெண்டல். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. பெரிய உரிமக்காரர் வந்து சேர்ந்தபோது ஊசிக்கு வேலை இருக்கவில்லை.

அடக்கத்தன்று வெண்டலின் மனைவி அவளைத் தேடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

"மொரேனோ கதையை அவர் சொல்லாத நாளில்ல. உன்னாலயே முடியலேன்னா யாராலயும் முடிஞ்சிருக்காது டாக். அந்த நிம்மதியிலதான் நிக்கிறேன்."

டார்லா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.