அந்தோணியாரின் முதுகு

பாலக்கரையில் எங்கள் சந்துக்குள் இருந்த சின்னக் கோவிலில் அந்தோணியாரின் மரச் சுரூபம் ஒன்று உண்டு. ஐந்நூறு வருடத்துக்கு முன் சீமையில் செதுக்கியது, எப்போதோ கப்பலில் வந்தது என்பார்கள். மூக்கு தேய்ந்திருந்தாலும் அவர்மேல் எங்கள் நம்பிக்கை தேயவில்லை. செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வருகிறவர்கள் தங்கள் மன்றாட்டைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அவற்றை மைக்கில் வாசிப்பது என் அப்பா. பெயரை விட்டுவிட்டுத்தான் வாசிப்பார். இருந்தாலும் எந்த வீட்டு மாமியார், யாருடைய மூட்டுவலி என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அப்பாவின் தங்கையான என் அத்தை அந்தப் பெட்டியில் எப்படிச் சீட்டுப் போடுவாள்? அவளோடு ஆபீசில் வேலை பார்த்த ஸ்ரீரங்கத்துக்காரரின் பேச்சை எடுத்தாலே அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். வேறு மதம். அதனால் அத்தை பெட்டியை நம்பாமல் நேராக அந்தோணியாரிடமே போனாள். சுரூபத்தின் முதுகு குடைவாக இருக்கும். சுவருக்கும் அவருக்கும் இடையிலிருந்த இடுக்கு வழியாகச் சீட்டை அதற்குள் தள்ளிவிட்டாள். போட முடிந்தது, எடுக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பழைய மரச் சிற்பங்களைப் பரிசோதிக்கிற இருவர் சென்னையிலிருந்து லேப்டாப் பையோடு வந்து இறங்கினார்கள். சுரூபத்தை இறக்கித் திருப்பப் போகிறார்களாம். வாசலில் அப்பா அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை என்னை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"பாப்பா, உன் கை சின்னது. உள்ள ஒரு சீட்டு இருக்கும், எடுத்துடு. உங்கப்பா கண்ணுல பட்டா அவ்வளவுதான்."

எனக்கு ஒன்பது வயது. நாற்காலியில் ஏறித் தோள்வரை கையை விட்டேன். சாமியின் முதுகைத் துழாவுவது பாவமோ என்று ஒரு பயம். வாசலில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கக் கேட்க இன்னொரு பயம். கடைசியில் விரலில் காகிதம் தட்டுப்பட்டது. இழுத்தேன். ஒன்றுக்கு இரண்டாக வந்தது.

அத்தை இரண்டாவதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் எழுத்து" என்றாள். "இத திரும்ப உள்ள வச்சிடு, சீக்கிரம்!"

அதற்குள் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். இரண்டு சீட்டும் அவள் கைப்பைக்குள் போயின.

சுரூபத்தை மேசைமேல் குப்புறப் படுக்கவைத்தார்கள். மரம் வெடிக்காமலிருக்க அந்தக் காலத்துச் சிற்பிகள் முதுகைக் குடைந்துவிடுவார்கள் என்று வந்தவர்களில் ஒருவர் விளக்க ஆரம்பித்தார்.

"இருங்க சார், கரையான் இருக்கும், நான் பாக்குறேன்" என்று அப்பா முந்திக்கொண்டு கையை விட்டார். மூலைமூலையாகத் துழாவினார். மறுபடியும் துழாவினார். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா கையை வெளியே எடுத்தார். விரல்களில் வெறும் தூசி. கண்ணில் நீர்.

"எடுத்துக்கிட்டாரு" என்றார்.

"யாரு சார்?"

"ஒண்ணுமில்ல சார். கரையான் இல்லன்னு சொன்னேன்."

மறுநாள் பூசை முடிந்ததும் அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, யாரும் சொல்லாமலே ஸ்ரீரங்கம் போய் அந்த வீட்டாரிடம் கல்யாணம் பேசிவிட்டு வந்தார். அத்தை அப்பாவின் சீட்டை எனக்குக் காட்டியது வெகுகாலம் கழித்துத்தான். 'அவள் கேட்பதுதான் அவளுக்கு நல்லதென்றால், என் வீம்பை எடுத்துவிடும், அந்தோணியாரே.' அப்பாவிடம் நாங்கள் இருவரும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

அன்று எனக்கு விளங்காதது ஒன்றுதான். கரையான் இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, அதற்குப் போய் அப்பா ஏன் அழுதார்?