மாமனாரின் பெட்டியில் வந்த கில்ட்

மாமனார் கலிபோர்னியாவில் நாங்கள் இருந்த சன்னிவேலுக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் இருந்தன. இன்னொன்றில், வேட்டிகளுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கில்ட் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இடுப்பில் கட்டும் கம்பளிப் பாவாடை. கரும்பச்சை, கருநீலம், கறுப்பு கலந்த கட்டம். பின்பக்கம் முழுவதும் மடிப்பு. பூச்சி உருண்டை நாற்றம் வீட்டை நிறைத்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டு, "இது யாரோடதுன்னு இந்த ஊர்ல கண்டுபிடிக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

கேள்வி எனக்குத்தான். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலைகள் கொத்துக்கொத்தாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. என் கணவர் தன் மேசை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அலுவலகம் போய்வந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் லேப்டாப்பை மூடுவதில்லை. சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த எனக்கு இங்கே வேலை பார்க்க விசா இடம் தரவில்லை. மகளை டேகேரில் விடுவது, இந்தியக் கடைக்குப் போவது, மாமனாரை மருத்துவரிடம் கூட்டிப்போவது என்று நாள் முழுவதும் கார்தான். அதில் இதுவும் சேர்ந்தது.

கில்டின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் பேசாதது. மாமனாரின் அம்மா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவில் ஆயாவாக இருந்தவர். கணவர் காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லி ஒற்றைப் பிள்ளையை வளர்த்தார். ஊர் வேறு சொன்னது. பிள்ளைக்குப் பூனைக்கண், வெளுத்த நிறம். வீட்டு டிரங்குப் பெட்டியில் துரைமார் உடுப்பு. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயரே தொரை மவன்தான். அப்படிக் கூப்பிட்டவன் ஒருவனின் பல்லை உடைத்திருக்கிறார். வயது ஏற ஏற அது ஒரு ரகசியப் பெருமையாகவும் ஆகிவிட்டது. அமெரிக்கா வந்த பிறகு அதை வெளியில் சொல்லவும் தொடங்கினார். பூங்காவில் காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர் அவரைக் கிண்டல் செய்யாமல் விடுவதில்லை.

"பையனுக்கு கிரீன் கார்டுக்கு ஏன் சார் நிக்கறீங்க? ஸ்காட்லாந்துல உங்களுக்கு ஒரு கோட்டையே காலியா இருக்குமே."

மாமனார் சிரித்துக்கொள்வார். என்னிடம் சிரிக்காமல் சொன்னார். "அந்த பங்களாக்காரரைப் பெரிய தொரைன்னுதான் கூப்பிடுவாங்க. நெஜப் பேரு என்ன, என்ன ஊரு, ஒண்ணும் தெரியாது. நான் ஊருக்குப் போறதுக்குள்ள தெரிஞ்சா போதும். எங்கப்பா அவர்தானா, இல்லையா. ரெண்டுல ஒண்ணு."

நூலகத்திலும் இணையத்திலும் தேடினேன். டார்ட்டன் என்று அவர்கள் சொல்லும் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு குலத்துக்கும் ஒன்று, சிலவற்றுக்கு நான்கு. திரையில் பச்சை நீலமாகவும் நீலம் கறுப்பாகவும் தெரிந்தன. வம்சாவளி தேடும் தளங்கள் எல்லாமே முதல் கட்டத்தில் குடும்பப் பெயரைக் கேட்டன. மாமனாருக்கு இருந்தது அப்பா பெயரின் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து எழுதியிருந்தார். அந்தப் பெயரும் பள்ளியில் சேர்க்க அம்மா இட்டுக்கட்டியதுதான் என்றார். சில ஸ்காட்டிஷ் சங்கங்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது: படத்தை வைத்துச் சொல்ல முடியாது, கோடையில் ஸ்காட்டிஷ் விளையாட்டு விழா நடக்கும், துணியை நேரில் கொண்டுவாருங்கள்.

விழா மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்காட்சி மைதானத்தில் நடந்தது. சனிக்கிழமை. கணவருக்கு அன்றும் வேலை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அனல் அடிக்கும் ஃப்ரீவேயில் ஊர்ந்து போனோம். மாமனார் கில்டை மடியில் வைத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

மைதானத்தில் குலத்துக்கு ஒரு கூடாரம். ஒவ்வொன்றின் வாசலிலும் கொடி, மேசை, கையெழுத்துப் போட ஒரு புத்தகம். உள்ளே நுழையும் முன்பே என்ன குடும்பம் என்று அன்பாக விசாரித்தார்கள்.

"நம்மூர் சாதிச் சங்க மாநாடு மாதிரில்ல இருக்கு," என்றார் மாமனார். "சாப்பாட்டுப் பந்தலைத்தான் காணோம்."

துணிகளை அடையாளம் சொல்லும் மேசை கடைசியில் இருந்தது. அங்கிருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; வெயிலில் முழங்கால் சிவந்து, பேசிக்கொண்டே இருக்கும் மனிதர். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை என்றேன். நல்லது, அப்படியானால் துணியையே கேட்போம் என்றார்.

கட்டத்தை அவர் ஒருமுறைதான் பார்த்தார். இது எந்தக் குலத்துக்கும் உரியதல்ல, படை வீரர்களுக்கு அரசாங்கம் வாங்கிக்கொடுத்த துணி என்றார். பின்மடிப்புகளைக் காட்டினார். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு வரும்படி மடித்திருந்தது. அது படை வழக்கமாம். பிறகு கில்டை உட்புறம் திருப்பினார். இடுப்புப் பட்டையில் மங்கிப்போன முத்திரை மையில் ஒரு எண். தோல் வார் தைத்துப் பிரித்த தடம் மூன்று இடங்களில். ஒருவர் மாற்றி ஒருவராகப் பலர் கட்டியிருக்கிறார்கள் என்றார். உள்ளே வைத்துத் தைத்திருந்தது நம்மூர் காடாத் துணி. பக்கவாட்டில் ஒரு பட்டையையே வெட்டி எடுத்துவிட்டுப் பருத்தி நூலில் மூட்டியிருந்தார்கள். கடைசியாகக் கட்டியவர் மிகவும் ஒல்லியான ஆள் என்றார். நாடாவால் இடுப்பை அளந்தார். பள்ளிக்கூடத்துப் பெரிய பையன்களுக்குப் போதும் அளவு.

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மாமனாருக்கு ஆங்கிலம் புரியும்.

"பெரிய தொரை வாசப்படியில குனிஞ்சுதான் வருவாரு," என்றார் என்னிடம். "அவர் தொடைக்கே இது பத்தாது."

படையில் பழசாகிக் கழித்த கில்டுகள் அந்தக் காலத்தில் பல கைகளுக்குப் போயின, இந்தியாவில் பேக்பைப் என்ற பை வைத்த குழலை ஊதும் உள்ளூர்க்காரர்களும் கட்டியிருக்கிறார்கள் என்று மேசைக்காரர் சொல்லிக்கொண்டு போனார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: உங்கள் குடும்பத்தில் யாராவது பைப் வாசித்ததுண்டா?

மாமனார் பட்டையில் இருந்த நூல் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எங்கோ டிரம் அடித்து நிறுத்தினார்கள். மேசைக்காரர் நாகரிகமாக அடுத்து நின்றவரிடம் திரும்பினார்.

"அம்மா சொல்லுச்சு," என்றார் மாமனார் தமிழில். "உங்கப்பா கிளப்புல பைப் ஊதுறவருன்னு. தொரைங்க விருந்துன்னா இதைக் கட்டிவிட்டு ஊதச் சொல்வாங்களாம்."

"எங்க யார்கிட்டயும் நீங்க சொன்னதே இல்லையே மாமா."

"நம்பியிருந்தாத்தானே சொல்ல. மானத்தை மறைக்கக் கதை கட்டுதுன்னு நெனச்சேன்."

திரும்பும்போது நெரிசல் இன்னும் மோசம். எனக்கு முதுகு வலித்தது. வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

"நீ பேப்பர்ல இருந்தவ. இதைப் போடுவியா?"

யோசித்துப் பார்த்தேன். ஆறுதலுக்காக ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அந்தக் களைப்பில் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடிந்தது. "இது அந்தத் துரை கட்டுனது இல்லைன்னு போடலாம், மாமா. உங்கப்பா ஊதுனவருங்கறதுக்கு வேற ஆதாரம் இல்லை. ஒருத்தர் சொன்னதா வேணா போடலாம்."

"யார் சொன்னதா?"

"உங்கம்மா."

முன்னால் லாரியின் சிவப்பு விளக்குகள் எரிந்து அணைந்தன. "அப்படியே போடு," என்றார். "அவங்க சொன்னாங்கன்னு போடு."

வீட்டில் கணவர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இருந்தார். தலையைத் தூக்காமல், "என்னப்பா, எந்தக் குலம்னு சொன்னாங்க? கோட்டை கிடைச்சுதா?" என்றார். மாமனார் செருப்பைக் கழற்றவில்லை.

"அதை மூடு," என்றார்.

"ஒரு நிமிஷம்ப்பா. ஒரு மெயில் மட்டும்..."

"மூடுடா."

எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் மகனை அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. கணவர் என்னைப் பார்த்தார். நான் கார்ச் சாவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மகளைக் கூட்டிவரப் போக வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று தோன்றியது.

"கேளுங்க," என்றேன்.

லேப்டாப் மூடியது. மாமனார் நின்றபடியே முதலில் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார், அம்மா கொடுத்திருந்த அந்தப் பெயரை.