ஓடை வளைவில் சேனாதிபதி

எங்க வீட்டுக்காரர் சேனாதிபதியைத் தாண்டிக்குடியில கேட்டா பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே ஜீப்புல ஏறின ஆளு. காப்பி மூட்டை, மிளகு மூட்டை, பிரசவத்துக்குப் போற பொம்பளை, ஆஸ்பத்திரியில இருந்து வர்ற பொணம், எல்லாத்தையும் ஏத்தி எறக்கியிருக்கார். மழையில சேறாக் கெடக்குற தோட்டத்து ரோட்டுல மத்த டிரைவருங்க எறங்கி நின்னு யோசிப்பாங்க. இவர் பாக்கை மென்னுக்கிட்டே ஏறிப் போயிருவார். அந்த ஒரு விசயத்துல அவரைக் குறை சொல்ல மாட்டேன். மத்த விசயமெல்லாம் தனிக் கதை.

அப்பேர்ப்பட்டவருக்கு ரெண்டு சக்கர வண்டி ஓட்டத் தெரியாது. சிரிக்காதீங்க. எங்க மேட்டுல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு யாரு ஏறுறது? சைக்கிள் பழக வேண்டிய வயசுல அவர் ஜீப்புக்குப் பின்னால கிளீனராத் தொத்திக்கிட்டு நின்னார். அப்புறம் சோலி, கல்யாணம், புள்ளைங்கன்னு ஓடிப்போச்சு. ரெண்டாயிரத்து அஞ்சுல, தலை பாதி நரைச்சப்பறம், ஒருநாள் யாரோ வித்த பழைய பைக் ஒண்ணை ஜீப்புக்குள்ள படுக்கப்போட்டு வீட்டுக்குக் கொண்டாந்தார்.

"இது எதுக்குங்க?"

"ஜீப்பு ஓட்டியாச்சு, லாரி ஓட்டியாச்சு, டிராக்டர் ஓட்டியாச்சு. இந்த மலையில நான் ஓட்டாத வண்டி இது ஒண்ணுதான் புள்ள."

"பேரன் எடுக்கிற வயசுல இது தேவையா?"

"வர்ற தை மாசம் ஒன் தங்கச்சி மக கல்யாணத்துக்கு ஒன்னையப் பெருமாள்மலைக்கு இதுலதான் கூட்டிட்டுப் போகப்போறேன், பாரு வடிவு."

நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டேன். ஆனா ஆசை வந்துருச்சு, அதை ஏன் மறைக்கணும்? டிரைவர் பொண்டாட்டின்னுதான் பேரு. ஜீப்புல முன்சீட்டு எப்பவும் டிக்கெட்டுக்காரங்களுக்கு. நான் பின்னால மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவுல குந்தியிருப்பேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவரும் நானும் மட்டும் ஒரு வண்டியில போனதே கெடையாது.

தோட்டத்துக் காப்பிக் களம் அப்ப காலியாக் கெடந்துச்சு. அங்க வச்சுத்தான் பழகினார். சொல்லிக் குடுத்தது நர்ஸ் அன்னக்கொடி. கியர் வச்ச ஸ்கூட்டர்ல ஊர் ஊராப் போயி ஊசி போடுறவ. ஜீப்புல கால்ல இருக்கிற கிளட்ச்சு இதுல கையில, கையில இருக்கிற கியர் இதுல கால்ல. அவ "கிளட்ச்சுண்ணே, கிளட்ச்சு!"ன்னு கத்துவா, இவர் இடது காலைத் தரையில ஓங்கி மிதிப்பார். வண்டி குதிச்சு நிக்கும். களத்தைச் சுத்தி நின்ன பொம்பளைங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சிரிச்சேன்.

ஆனாலும் விடாக்கண்டன். ஐப்பசிக்குள்ள களத்துல வட்டமடிக்க ஆரம்பிச்சுட்டார். கீழ எறங்கிப் போயி, மைதானத்துல ஒரே தடவையில எட்டும் போட்டு, லைசென்ஸோட அல்வாவும் வாங்கிட்டு வந்தார். தெருவுல ஒரு வீடு விடாம குடுத்தாச்சு.

மறுநாள் ரோட்டுல ஏறினார், ஓடை வளைவுல விழுந்தார்.

எங்க ரோட்டுல ரெண்டு வகை வளைவு. மலை மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கிற எடத்துல ரோடு மலையைச் சுத்தித் திரும்பும். அதுல இவருக்கு ஒரு கொறையும் இல்ல. ஓடை எறங்குற எடத்துல மலை உள்வாங்கிப் போகும், அங்க ரோடு பள்ளத்துப் பக்கமாத் திரும்பும். அந்த வளைவு வந்தா போதும், மனுசன் நேரா மலையோரக் காவாய்க்குள்ள போயி உன்னிச்செடிக்குள்ள கெடப்பார். ஒருக்கா இல்ல, திரும்பத் திரும்ப. நான் கும்பிடுற சாமிதான் அவரைப் பள்ளத்துப் பக்கம் விடாம காவாய்ப் பக்கமாத் தள்ளிவிட்டுச்சு.

டீக்கடை மொக்கைச்சாமி இவர் தலையைக் கண்டாலே, "ஏலே, சேனாதிபதி வர்றாரு, காவாயில எடம் விடுங்கலே!"ன்னு குரல் குடுப்பான். முன்னெல்லாம் இப்படிப் பேசினா இவர் பதிலுக்கு நாலு பேசுவார். இப்ப டீயைக் குடிச்சுட்டு, காசை வச்சுட்டு வந்துருவார். எனக்கே பாவமாப் போச்சு.

மார்கழியில ஒருநாள் கன்னமெல்லாம் உரிஞ்சு, ஹெட்லைட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார். பயந்தா எனக்குக் கோவந்தான் வரும்.

"இந்தா பாருங்க. இன்னொரு தடவை விழுந்தீங்க, வண்டியை வித்துப்புடணும். கல்யாணத்துக்கு நான் மூட்டையோட மூட்டையாப் போய்க்கிறேன். எனக்கு நீங்க முழுசா வேணும்."

"சரி"ன்னார். அம்புட்டுத்தான். அவர் எதுக்கும் ஒரே பேச்சுல சரின்னு சொன்னதை நான் பாத்ததில்ல.

அந்த ஞாயித்துக்கிழமை, என்னதான் பண்றார் பாப்போம்னு ஓடைப் பாலத்துக் கட்டைச் சுவர்ல போயி உக்காந்தேன். மேல இருந்து மெதுவா உருட்டிக்கிட்டு வந்தார். ஹேண்டில்பார் பள்ளத்துப் பக்கம் திரும்புது. ஒடம்பு மட்டும் மலைப் பக்கமா வளைஞ்சுக்கிட்டுப் போகுது. நல்லவேளை, காவாய் ஓரத்துல காலை ஊனி நின்னுட்டார்.

அந்தச் சாய்மானம் எனக்குத் தெரியும்ங்க. மலை ஏறுறவங்க எல்லாருக்கும் தெரியும். ஜீப்பு சரிவுல போறப்ப பள்ளத்துப் பக்கம் கவுந்துறக் கூடாதுன்னு பாரத்தை மலைப் பக்கம் போடுவோம். கிளீனர் அந்தப் பக்கம் தொங்குவான். "மலைப்பக்கம் சாஞ்சுக்கங்க!"ன்னு இவரே ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துவார், கத்திக்கிட்டே தானும் சாய்வார். தூக்கத்துல உசுப்பினாலும் நாங்க அந்தப் பக்கந்தான் சாய்வோம்.

"ஏங்க, வண்டியைத் திருப்பிட்டு நீங்க போயி மலையைக் கட்டிப்பிடிக்கிறீங்களே! களத்துல மலையும் இல்ல, பள்ளமும் இல்ல, ஓட்டிப்புட்டீங்க. இங்க ஜீப்பு ஓட்டுறீங்க."

"எவடி இவ! எனக்கு ஓட்டச் சொல்லித் தர்றியா?"ன்னு பாய்ஞ்சார். அப்புறம் வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்து, கீழ பள்ளத்தையே பாத்துக்கிட்டிருந்தார்.

"அப்ப அந்தப் பக்கமாவா சாயணும்?"ன்னார். கட்டைச் சுவரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். இவருக்குப் பயம்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அதுக்கப்பறம் தெனம் வெள்ளனே போயி அந்த ஒரு வளைவுலயே உழண்டார். விழல. தையும் பொறந்துச்சு.

கல்யாணத்தன்னைக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, சீர்ப் பையை வண்டியில மாட்டிட்டு ஒருக்களிச்சு உக்காந்தேன். சேலையில வேற எப்படி உக்கார்றது? மூஞ்சி மலையைப் பாத்திருந்துச்சு, முதுகு பள்ளத்துப் பக்கம். முதல் ஓடை வளைவு வந்துச்சு. அவர் ஒழுங்காத்தான் சாஞ்சார். நான் சாயல. என்னைக் கேக்காமலே என் ஒடம்பு முன்னால மலையைப் பாத்துப் பாய்ஞ்சுருச்சு. வண்டி தள்ளாடிச் சரளைக்குப் போயி, காவாய்க்கு ஒரு சாண் எடம் வச்சு நின்னுச்சு.

"எறக்கி விடுங்க! நான் ஜீப்புல வர்றேன்!"ன்னு கத்தினேன்.

வேற நாளா இருந்தா அவரும் கத்தியிருப்பார். அன்னைக்குக் கத்தல.

"வடிவு, மலையை விட்டுட்டு என்னையப் பிடி. நான் எந்தப் பக்கம் சாயுறேனோ அந்தப் பக்கம் சாய்."

"பின்னால பள்ளம்ங்க!"

"தெரியும்."

எறங்கியிருக்கலாம்தான். பின்னாலயே வேற டிரைவர் ஜீப்பு ஏதாச்சும் வரும். ஆனா அன்னைக்கு நான் எறங்கியிருந்தா அந்த மனுசன் ஆயுசுக்கும் அந்த வண்டியைத் தொட்டிருக்க மாட்டார். நானும் அவரும் சேந்து போறதுங்கிறது அதோட முடிஞ்சிருக்கும். ஊரே வேடிக்கை பாத்தாலும் பரவாயில்லன்னு ரெண்டு கையாலயும் அவர் இடுப்பைக் கட்டிக்கிட்டேன், பட்டப்பகல்ல.

அடுத்த வளைவு. அவர் சாஞ்சார். கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, முதுகுக்குப் பின்னால ஒண்ணுமே இல்லாத பக்கமா நானும் சாஞ்சேன். குளுந்த காத்து ரவிக்கைக்குள்ள பூந்துச்சு. கண்ணைத் தொறந்தா வளைவு முடிஞ்சு போயிருந்துச்சு. வண்டி ஒரு ஆட்டம் ஆடல. அடுத்ததும் அப்படியே. அதுக்கடுத்ததும். பண்ணைக்காடு தாண்டுறப்ப நான் கண்ணை மூடுறதையே விட்டுட்டேன்.

பெருமாள்மலைக் கடைத்தெருவுல முதல் டீக்கடை வாசல்ல நிறுத்தினார். எறங்கி பெஞ்சுல உக்காந்தவ, ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டேன். பஸ்ஸுக்கு நின்ன சனமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

"ஏ புள்ள, என்னாச்சு? எங்கயாச்சும் அடிபட்டுச்சா?"ன்னு பதறிட்டார்.

"ஒண்ணும் இல்லங்க. விழல நாம. அதான் அழுறேன்."

அவர் சிரிக்கப் பாத்தார், முடியல. டீ கிளாஸை வாங்கினார், பாதி டீ வேட்டியில போச்சு. "எனக்கும் இப்பத்தான்டி மூச்சே வருது"ன்னார். அம்புட்டு நேரம் கல்லு மாதிரி இருந்த மனுசன்! எனக்கு அழுகை நின்னு சிரிப்பு வந்துருச்சு. அவரும் சிரிச்சார். மூக்கைச் சிந்திக்கிட்டே சிரிச்சோம்.

மண்டபத்துல கெட்டிமேளம் கொட்டுற சத்தம் கேட்டுச்சு. ஓடியிருக்கணும். ரெண்டு பேருக்கும் எந்திரிக்க மனசில்ல. பொண்ணோட பெரியம்மா நானே தாலி கட்டுற நேரத்துக்கு வரலன்னு தங்கச்சி இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறா, சொல்லிட்டுப் போகட்டும்.

"இன்னொரு டீ சொல்லட்டுமா?"ன்னார்.

"சொல்லுங்க"ன்னேன்.