ஹேவர்லியின் கடைசி அபெனாக்கி

நூலகத்துக்குள் நுழைந்ததும் டெல்ஃபின் மேளத்தை ஓரமாக வைத்துவிட்டு நேராக ஊர் வரலாற்று அலமாரிக்குப் போய்விடுவாள். எந்த ஊரானாலும் அப்படித்தான். இருப்பதிலேயே தடித்த புத்தகத்தை உருவி, நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பத்துப் பக்கம் புரட்டினால் போதும், தேடியது கிடைத்துவிடும். அங்கே கூடை பின்னுகிற மரச்சீவல் ஒன்றை அடையாளத்துக்குச் செருகிக்கொள்வாள். கூட்டம் உட்கார்ந்து, வரவேற்புரை முடிந்து, எல்லோரும் மேளச் சத்தத்துக்காகக் காத்திருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படிப்பாள்.

"இவ்வூரின் கடைசி அபெனாக்கி 1834ஆம் ஆண்டு காலமானார்." புத்தகத்தை மூடுவாள். "மன்னிச்சுக்குங்க. நான் வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அபெனாக்கிகள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகளுக்குள் இருக்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி அபெனாக்கி உண்டு. சில ஊர்கள் இரண்டு பேரை வைத்திருக்கின்றன. கிழவர் ஒருவர் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மூன்றிலும் செத்திருக்கிறார். பதினாறு வருடமாக அபெனாக்கி வரலாறு பேசவும், பாடவும், கதை சொல்லவும் இந்த ஊர்களுக்கு வந்துபோகிற டெல்ஃபின், தானும் ஓர் அபெனாக்கி, நாற்பத்தோரு கடைசிப் பேர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டை அவள் வேறு யாரையும் தொட விடுவதில்லை.

வார நாட்களில் அவள் எல்லைக்கு வடக்கே கனடாவில், தன் ஆட்களின் ஊரான ஓடனாக்கில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்காரி. ஐம்பத்தெட்டுப் பேருக்குச் சூப் வைத்து, உப்பில்லை என்ற புகாரையும் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் நாத்தனார் லூசில் ஓட்டும் வேனில் ஏறுவாள். எல்லைச் சாவடியில் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்பார்கள்.

"நாங்க இல்லேன்னு எழுதி வெச்சிருக்காங்களாம். அதைப் பாத்துட்டுப் போகத்தான்."

"அண்ணி, உங்க வாயால ஒருநாள் வண்டியக் கழட்டிப் போடப் போறான்," என்று லூசில் பல்லைக் கடிப்பாள்.

கூட்டத்துக்கு அவளைப் பார்த்ததும் ஒரு சின்ன ஏமாற்றம் வரும். தலையில் கழுகிறகு இல்லை. கொள்ளுப்பாட்டி காலத்துக் கூர்முனைச் சிவப்புக் கம்பளிக் குல்லா இருக்கிறது, காலில் நர்ஸுகள் போடுகிற வெள்ளை ரப்பர் செருப்பு இருக்கிறது. கோடையில் யாராவது பழங்கதை கேட்டால் மறுத்துவிடுவாள். அவர்கள் வழக்கத்தில் கதை பனிக்காலத்துக்கு உரியது. "பனி விழட்டும், சொல்றேன். கதைக்குத்தான் பனி வேணும். நடந்ததச் சொல்றதுக்கு வேணாம்," என்று வரலாற்றைப் பிடித்துக்கொள்வாள். கேட்டவர் முகம் வாடும். கேள்வி நேரத்தில் கட்டாயம் ஒருவர் எழுந்து, தன் பாட்டியின் பாட்டி ஒரு செவ்விந்திய இளவரசி என்பார். "இளவரசிங்கள எல்லாம் உங்க வீட்டுக்கே கட்டிக் குடுத்துட்டோம். கூடை முடையறவங்கதான் எங்ககிட்ட மிச்சம்," என்பாள் டெல்ஃபின். அந்த மனிதர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நாற்பத்தோரு பேரில் ஒருத்தி மட்டும் டெல்ஃபினுக்குச் சொந்தம். ஏரிக்கரை ஊரான ஹேவர்லியின் கடைசி அபெனாக்கி, 'கூடைக்கார மேரி', அவளுடைய அம்மாவின் பாட்டி. 1911 அக்டோபரில் மேரி இந்த ஏரியை விட்டு என்றென்றைக்குமாக வடக்கே போய்விட்டாள் என்கிறது ஊர்ப் புத்தகம். போனது உண்மை. ஒவ்வொரு அக்டோபரிலும்தான் போனாள். குளிர்காலம் முழுக்கக் கூடை முடைந்து, மே மாதம் பெட்டி பெட்டியாக ரயிலில் ஏற்றிவந்து, ஏரிக்கரை ஓட்டல்களில் விற்றாள். இப்படி முப்பது வருடம். போனதை எழுதினவர் மே மாதத்தில் ஊரில் இருந்திருக்க மாட்டார் போலிருக்கிறது.

இந்த வருடம் ஹேவர்லிக்கு இருநூற்றைம்பதாவது ஆண்டு விழா. விழாக் குழுத் தலைவர் விட்காம், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், மிக நல்ல மனிதர். தொல்லையே அதுதான், கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். டெல்ஃபின் மேரியாக நடிக்க வேண்டும், படகில் ஏறி ஏரிக்குள் நீண்டிருக்கும் கரை முனையைத் தாண்டி மறைய வேண்டும், மறைந்ததும் மேரி என்றென்றைக்குமாகப் போனதைப் பொறித்த புதிய கருங்கல் நினைவுக் கல்லை அவர் திறந்துவைப்பார் என்று உருக்கமாக எழுதியிருந்தார்.

கல்லில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லி டெல்ஃபின் பதில் போட்டாள்: 'அடுத்த மே மாதம் திரும்பி வந்தாள்.' சாட்சிக்கு 1923ஆம் வருடப் படம் ஒன்றையும் நகலெடுத்து வைத்தாள். ஹேவர்லி ஓட்டல் படிக்கட்டில் கூடைகளோடு மேரி. வீட்டில் இன்றுவரை எல்லோர் முகத்திலும் இருக்கிற அதே மூக்கு. படம் கிடைத்தது ஹேவர்லி நூலகத்தின் இழுப்பறையில்தான். அடியில் 'பெயர் தெரியாத பெண்' என்று எழுதியிருந்தார்கள்.

குழு கூடி ஆலோசித்தது. திரும்பி வந்தாள் என்றால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று முடிவாயிற்று. மேரி போனது ரயிலில் என்ற திருத்தமும் எடுபடவில்லை. படகுதான் உருக்கமாக இருக்குமாம். ஆனால் படம் எல்லோருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. விருந்துக்கான காகிதக் கைக்குட்டைகளில் அதை அச்சடித்துவிட்டார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

"வாய் துடைக்கவா உங்க கொள்ளுப்பாட்டி மூஞ்சி?" லூசிலுக்குக் கண் சிவந்துவிட்டது. "இவ்வளவுக்கு அப்புறமும் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"கரையில நின்னு கத்தினா எவன் கேப்பான்? படகுல போனா ஊரே பாக்கும்."

டெல்ஃபின் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. கல்லில் எழுதியது எழுதியதுதான். அதைப் படித்து வளரப்போகும் ஊரில் தன் ஆட்கள் ஒரேயடியாகப் போனவர்கள்தான் என்பது அவளை உள்ளுக்குள் அறுத்தது.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை. குழு கொடுத்த உடை, முதுகில் ஜிப் வைத்த மான்தோல். டெல்ஃபின் அதை மடித்து வேனில் போட்டுவிட்டுத் தன் சிவப்புக் குல்லாவோடு வந்தாள். படகு, கோடை முகாமிலிருந்து இரவல் வாங்கிய அலுமினியப் படகு. புல்வெளி நிறையக் கூட்டம். ஒரு பக்கம் கோழி வறுபட்டுக்கொண்டிருந்தது. பேண்டு வாத்தியம் சோகமாக ஒரு பாட்டை எடுத்தது.

"கிளம்பும்போது உங்க மொழியில ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மேடம்," என்று விட்காம் காதருகே வந்து கேட்டுக்கொண்டார். "என்ன தோணுதோ அது. மனசுலேர்ந்து வரட்டும்."

டெல்ஃபினுக்கும் லூசிலுக்கும் அந்த மொழி அடுக்களை அளவுக்குத்தான் தெரியும். தாய்மொழி பேசினால் அடித்த பள்ளிக்கூடங்கள் பிடுங்கியது போக மிச்சமானது அவ்வளவே, அதில் டெல்ஃபினுக்குத் தீராத வருத்தம் உண்டு. படகில் நின்று, கரையைப் பார்த்துக் கையை உயர்த்தி, கணீரென்று சொன்னாள். கூட்டத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். விட்காம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னாங்க?" என்று லூசிலிடம் கேட்டார்.

"கோழியில தொடைக்கறி ரெண்டு எனக்கு எடுத்து வைன்னாங்க," என்றாள் லூசில்.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துத் தலையாட்டினார். படகு முனையைத் தாண்டி மறைந்தது. அங்கே வேனை நிறுத்தி டெல்ஃபினை ஏற்றிக்கொள்ள வேண்டியவள் லூசில். அவளோ தட்டை எடுத்துக்கொண்டு கோழி வரிசையில் நின்றிருந்தாள். விட்காம் கல்லின் மேலிருந்த நீலத் துணியை இழுத்தார். கைதட்டல் எழுந்தது, பாதியிலேயே தேய்ந்தது. எல்லோரும் ஏரியைப் பார்த்தார்கள்.

முனையைச் சுற்றிக்கொண்டு படகு வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாத துடுப்பு. பேண்டு மாஸ்டர் கோலைத் தூக்கினார், இறக்கினார். போவதற்குத்தான் பாட்டுப் பயிற்சி நடந்திருந்தது. துடுப்புத் தண்ணீரைத் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

படகு கரையை முட்டியதும் டெல்ஃபின் கயிற்றை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க டாக்டர்."

யார் எதை நீட்டினாலும் மறுக்கத் தெரியாத நல்ல மனிதர், பிடித்துக்கொண்டார். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் நீலத் துணி.

"மேடம், நிகழ்ச்சியில இது..."

"மே மாசம் ஆயிடுச்சு டாக்டர்."

லூசில் தட்டைக் கொண்டுவந்தாள். தொடைக்கறி இரண்டு, சோளம், பக்கத்தில் மடித்த காகிதக் கைக்குட்டை. ஏரித் தண்ணீர் டெல்ஃபினின் முழங்கையிலிருந்து சொட்டியது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தாள், மூக்கு மடங்காதபடி நீவி, குல்லாவுக்குள் செருகிக்கொண்டாள். பிறகு விட்காமின் கையிலிருந்த நீலத் துணியை வாங்கி, இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்து, ஈரம் காயட்டும் என்பது போல அதை உதறி, எழுத்து முழுவதும் மறையும்படி கல்லின் மேல் விரித்துப் போட்டாள்.