வெறும் தொண்டையில் ஏழு பாட்டு

ஜோகுபாளையத்துத் திருவிழா மேடைக்கு முன்னால் அம்மாவும் நானும் எங்கள் தெருக்காரர்களும் இருந்தோம். கன்னட சீரியலில் நடித்த என் அண்ணனுக்கு அதில் டப்பிங் பேசியவர் மட்டும் வரவில்லை. அண்ணனின் கன்னடத்தில் தமிழ் வாடை அடிக்கிறது என்று ஐந்து வருடமும் அவரையே பேச வைத்தார்கள். நடிப்பை விட்டுவிட்டுப் பாட வந்த அண்ணனுக்கு அதுதான் முதல் கச்சேரி.

முதல் பாட்டு முடிவதற்குள் கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "கேசட்ட நிறுத்து குரு! டிவில உன் குரலே வேற ஆச்சே, யார் பாட்டுக்கு வாயசைக்கிற?"

"மைக்கு, வாத்தியம் எல்லாத்தையும் நிறுத்துங்கப்பா," என்றார் அண்ணன். மேடை விளிம்புக்கு வந்து, அன்று பாடவிருந்த ஏழு பாட்டையும் முதலிலிருந்து வெறும் தொண்டையில் பாடினார். நம்பிக் கைதட்டினார்கள்.

மறுநாள் அவருக்குப் பேச்சே வரவில்லை. ஒத்துக்கொண்டிருந்த கல்யாணக் கச்சேரி கைவிட்டுப் போனது. திருப்பிக் கொடுத்த முன்பணம், டாக்டர் செலவு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது.